நேரடியாக அளக்க இயலாத வெப்பம்: மயில்துத்தத்தின் நீரேற்ற என்தால்பியை ஹெஸ் விதியின் வழியே கண்டறிந்த பதிவு

நீரற்ற காப்பர் சல்பேட் என்னும் வெண்பொடியின் ஒரு மோல், ஐந்து மோல் நீரை ஏற்றுக்கொண்டு நீல நிற மயில்துத்தமாக மாறும்போது எவ்வளவு வெப்பம் வெளியாகிறது என்பதை, அதாவது அதன் நீரேற்ற என்தால்பியை, எளிய கருவிகளைக் கொண்டு கண்டறிந்த விதத்தை இங்கே பதிவு செய்கிறேன். வெண்பொடியின் மீது ஒரு சொட்டு நீர் விழுந்தவுடன் அந்த இடம் நீலமாவதும், மெல்லிய சீறலுடன் ஆவி எழுவதும், கிண்ணத்தின் அடிப்பகுதி கைக்குச் சுடுவதும் வேதியியல் பயிலும் எவரும் பார்த்திருக்கக்கூடிய காட்சிகளே. கண்ணுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியும் இந்த வெப்பத்தை வெப்பமானியால் நேரடியாக அளக்க முடியாது என்பதுதான் இந்தச் செய்முறைக்கு அடிப்படை.

அளக்க முடியாமைக்கு என்ன காரணம் என்பதை முதலில் சோதித்தே பார்த்தேன். 3.99 கிராம் வெண்பொடிக்கு, அதாவது 0.025 மோலுக்கு, ஐந்து மடங்கு மோல் நீர் என்றால் 2.25 கிராம் மட்டுமே. இந்தச் சிறிதளவு நீரைச் சேர்த்தவுடன் பொடியின் மேற்பரப்பு நீல ஓடாக இறுகிக்கொள்கிறது. ஓட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெண்பொடி அப்படியே இருக்கிறது. நீர் நிறைந்த இடத்தில் ஐந்நீரேறிய படிகமும், நீர் எட்டாத இடத்தில் ஒரு நீரோ மூன்று நீரோ ஏறிய இடைநிலைச் சேர்மங்களும் கலந்து கிடப்பதால் எந்த வினை எவ்வளவு நடந்தது என்று சொல்ல வழியில்லை. வெப்பமானியின் நுனி திண்மத் துகள்களை ஆங்காங்கே தொடுகிறதே தவிர முழுப் பொருளின் வெப்பநிலையைக் காட்டுவதில்லை. வினை நடக்கும் இடத்தில் சூடு மிகுந்து நீரில் ஒரு பகுதி ஆவியாகித் தப்பிவிடுவதால், அளக்க வேண்டிய வெப்பத்தின் ஒரு பங்கும் அதனுடன் போய்விடுகிறது. இவற்றுள் ஒன்றைக்கூடத் திருத்தக் காரணி ஒன்றைப் போட்டுச் சரிசெய்துவிட முடியாது.

இத்தகைய இடத்தில்தான் ஹெஸ் விதி கைகொடுக்கிறது. ஜெனீவாவில் 1802-இல் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய வேதியியலாளர் ஜெர்மைன் ஹென்றி ஹெஸ், ஒரு வேதிமாற்றம் ஒரே படியில் நிகழ்ந்தாலும் பல படிகளில் நிகழ்ந்தாலும் அதில் வெளியாகும் மொத்த வெப்பம் மாறுவதில்லை என்று 1840-இல் வெளியிட்டார். ஆற்றல் அழிவின்மை விதியை மேயரும் ஜூலும் ஹெல்ம்ஹோல்ட்சும் தெளிவாக வகுப்பதற்கு முன்னரே, வெறும் அளவீடுகளிலிருந்து அவர் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. கந்தக அமிலத்தை வெவ்வேறு அளவு நீர் சேர்த்து நீர்க்கச் செய்து, பின்னர் ஒவ்வொன்றையும் அம்மோனியாவால் நடுநிலையாக்கி அவர் அளந்தார். நீர்த்தலின்போது அதிக வெப்பம் வெளியான அமிலம் நடுநிலையாக்கலில் குறைவாக வெளியிட்டது. இரண்டையும் கூட்டினால் மொத்தம் ஒன்றாகவே நின்றது. என்தால்பி ஒரு நிலைச்சார்பு, அதாவது வந்த பாதையைச் சாராமல் தொடக்க, இறுதி நிலைகளை மட்டுமே சார்ந்தது என்று இன்று பாடநூலில் ஒரே வரியில் படிப்பதன் பின்னால் அந்தக் கூட்டல்கள் இருக்கின்றன.

மயில்துத்தத்திற்கு நான் எடுத்துக்கொண்ட சுற்றுப்பாதை இதுதான். நீரற்ற காப்பர் சல்பேட்டை மிகுதியான நீரில் கரைத்தால் நீலக் கரைசல் கிடைக்கும். அதன் என்தால்பி மாற்றத்தை அளக்கலாம். ஐந்நீரேறிய படிகத்தை நீரில் கரைத்தாலும் அதே நீலக் கரைசல் கிடைக்கும், அதையும் அளக்கலாம். வெண்பொடி முதலில் ஐந்து நீரை ஏற்றுப் படிகமாகி, பிறகு அந்தப் படிகம் கரைவதாகக் கற்பனை செய்துகொண்டால், இந்த இரண்டு படிகளின் கூட்டுத்தொகை வெண்பொடி நேரடியாகக் கரையும் ஒற்றைப் படிக்குச் சமமாக இருந்தாக வேண்டும். ஆகவே நீரேற்ற என்தால்பி என்பது, நீரற்ற உப்பின் கரைசல் என்தால்பியிலிருந்து நீரேறிய உப்பின் கரைசல் என்தால்பியைக் கழித்தால் வருவது. இரண்டு கரைத்தல்களும் சில நிமிடங்களில், ஒரே சீரான திரவத்தில், வெப்பமானி முழுமையாக மூழ்கியிருக்கும் நிலையில் முடிந்துவிடுகின்றன. நேரடி அளவீட்டில் தடையாக நின்ற அனைத்தும் விலகிவிடுகின்றன.

ஆனால் இந்தக் கழித்தல் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. பெரும்பாலான செய்முறைக் குறிப்புகள் அதனைச் சரியாக வலியுறுத்துவதில்லை என்பது என் கருத்து. இரண்டு பாதைகளும் ஒரே இடத்தில் முடிய வேண்டும். இரண்டிற்கும் 50 கிராம் நீரை எடுத்துக்கொள்ளுமாறு சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றினால் இறுதிக் கரைசல்கள் ஒன்றாக இரா. படிகம் தன்னோடு நீரைச் சுமந்துவருகிறது: 6.24 கிராம் மயில்துத்தத்தில், அதாவது 0.025 மோலில், 2.25 கிராம் நீர் அடங்கியிருக்கிறது. எனவே வெண்பொடியை 50.00 கிராம் நீரில் கரைத்தால், படிகத்தை 47.75 கிராம் நீரில் கரைக்க வேண்டும். இரண்டிலும் முடிவில் 3.99 கிராம் காப்பர் சல்பேட்டும் 50.00 கிராம் நீரும் அடங்கிய 53.99 கிராம் கரைசல் கிடைக்கும். இரண்டு கிராம் நீர் பெரிய வேறுபாடா என்று கேட்கலாம். எண்ணளவில் சிறியதுதான், ஆனால் இதைச் சரிசெய்துவிட்டால் பின்வரும் கணக்கில் இரண்டு பெரிய சிக்கல்கள் தாமாகவே நீங்குகின்றன. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வெண்பொடியைத் தயாரிப்பதே இந்தச் செய்முறையில் மிகுந்த பொறுமை வேண்டும் பகுதி. மயில்துத்தத்தைப் பொடித்து, பீங்கான் கிண்ணத்தில் பரப்பி, மணல் தொட்டியின் மீது வைத்துச் சூடாக்கினேன். அதிலுள்ள நீர் ஒரே தடவையில் வெளியேறுவதில்லை. சுமார் 63 டிகிரி செல்சியஸில் இரண்டு மூலக்கூறுகளும், சுமார் 109 டிகிரியில் மேலும் இரண்டும் போய்விடுகின்றன. கடைசி மூலக்கூறு மட்டும் 200 டிகிரியைத் தாண்டும்வரை பிடிவாதமாக நிற்கிறது. நிறம் ஏறக்குறைய வெண்மையாகிவிட்டது என்பதற்காகச் சூடாக்குவதை நிறுத்திவிடலாகாது, ஏனெனில் ஒரு நீர் மட்டும் எஞ்சிய உப்பும் வெளிறிய நிறத்தில்தான் இருக்கும். மணலின் வெப்பநிலையை 250 டிகிரியை ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கோலால் அவ்வப்போது கிளறிவிட்டேன். இதற்கு மேல் கட்டுப்பாடின்றிச் சூடேற்றினால் உப்பே சிதைந்து கருநிறக் காப்பர் ஆக்சைடாக மாறத் தொடங்கும்; அப்போது வெளியாகும் கந்தக ஆக்சைடு வாயுக்கள் நுரையீரலுக்குத் தீங்கானவை. ஆகவே காற்றோட்டம் நன்றாக இருக்கும் இடத்தில், கண்களுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்து, உணவுக்கு ஒருபோதும் பயன்படுத்தாத பாத்திரங்களில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

நீர் முழுமையாக வெளியேறிவிட்டதா என்பதற்கு நிறம் சான்றாகாது, எடைதான் சான்று. மயில்துத்தத்தின் நிறையில் நீரின் பங்கு 36.08 விழுக்காடு. எனவே 10.00 கிராம் படிகம் முற்றிலும் வறண்டால் 6.39 கிராம் எஞ்ச வேண்டும். முதல் தொகுதி 6.43 கிராமில் நின்றபோது அதனை வேண்டுமென்றே தனியாக எடுத்துவைத்தேன். எஞ்சிய சிறு ஈரம் விடையை எவ்வளவு மாற்றும் என்று பார்க்க அது உதவும் என்று தோன்றியது. இரண்டாம் தொகுதியை, அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒத்துப்போகும்வரை மீண்டும் மீண்டும் சூடாக்கி 6.40 கிராம் வரை கொண்டுவந்தேன். என் தராசு 0.01 கிராம் வரை காட்டுவது. அதற்கு மேல் துல்லியம் கேட்பதில் பொருளில்லை. இரண்டு தொகுதிகளையும் நீரற்ற கால்சியம் குளோரைடு வைத்த மூடிய ஜாடிக்குள் ஆறவிட்டேன். திறந்த தட்டில் வைத்து நிதானமாக எடைபோட்டால் வெண்பொடி காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து நம் கண்ணெதிரிலேயே எடை கூடுவதைக் காணலாம். அதனால் மூடியிட்ட சிறு குப்பியில் பொடியை நிரப்பி எடை எடுத்து, கலோரிமீட்டரில் கொட்டியபின் குப்பியை மீண்டும் எடைபோட்டு, வேறுபாட்டையே பொடியின் நிறையாகக் கொண்டேன்.

படிகத்தின் பக்கம் வேலை குறைவு. நன்கு உருவான நீலப் படிகங்களை மட்டும் பொறுக்கி, வடிதாளில் ஒற்றி, கல்வத்தில் இட்டு மாவாக அரைத்தேன். பெரிய படிகங்கள் கரைய வெகுநேரம் பிடிக்கும். அதற்குள் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பம் கோப்பைக்குள் புகுந்து, அளக்க வேண்டிய சிறு வெப்பநிலைக் குறைவை மறைத்துவிடும். அரைத்த மாவை உடனடியாக மூடிவைக்க வேண்டும், வறண்ட காற்றில் அதன் நீர் மெல்லப் போகத் தொடங்கும்.

கலோரிமீட்டர் என்பது ஒன்றினுள் ஒன்றாகச் செருகிய இரண்டு தெர்மாகோல் கோப்பைகளும், வெப்பமானிக்கும் கலக்கிக்கும் துளையிட்ட மூடியும், அசையாமல் நிற்பதற்காக அவற்றைத் தாங்கிய ஒரு பீக்கரும்தான். வெப்பமானி 0.1 டிகிரி வரை காட்டும் டிஜிட்டல் வகை. கோப்பையும் வெப்பமானியும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை அறிய, கோப்பையில் 27.4 டிகிரியில் இருந்த 30.0 கிராம் நீருடன் 48.6 டிகிரியில் இருந்த 30.0 கிராம் வெந்நீரைக் கலந்தேன். கோப்பை எதையும் எடுத்துக்கொள்ளாவிட்டால் வெப்பநிலை 38.0 டிகிரியில் நிற்க வேண்டும், 37.7 டிகிரியில் நின்றது. வெந்நீர் இழந்த 1367 ஜூலுக்கும் தண்ணீர் பெற்ற 1292 ஜூலுக்கும் இடையிலான 75 ஜூல், கோப்பை 10.3 டிகிரி சூடாவதற்குச் செலவானது. அதாவது டிகிரிக்குச் சுமார் 7 ஜூல். இந்த எண்ணை மிகைப்படுத்தி நம்பலாகாது. கலவையின் வெப்பநிலையை 0.1 டிகிரி கூட்டி வாசித்தால் அதுவே 5 ஜூலுக்குக் கீழே இறங்கிவிடும். ஆயினும் 50 கிராம் நீரின் 209 ஜூலுடன் ஒப்பிடும்போது இது சிறு பங்கு என்பதால், அதிலுள்ள ஐயம் இறுதி விடையில் ஒரு விழுக்காட்டளவே எதிரொலிக்கும். இரண்டையும் கூட்டி, முழு அமைப்பின் வெப்ப ஏற்புத்திறனை டிகிரிக்கு 216 ஜூல் என்று எடுத்துக்கொண்டேன்.

அளவீட்டில் நான் மிகவும் கவனம் செலுத்தியது வெப்பநிலை வரைபடத்தில்தான். நீரை முன்கூட்டியே அறையில் வைத்து அறையின் வெப்பநிலைக்கு வரவிட்டு, கோப்பையில் ஊற்றி, அரை நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்தேன். மூன்று நிமிடங்கள் வரை அது நிலையாக 27.8 டிகிரியில் இருந்ததை உறுதிசெய்துகொண்டு, அடுத்த நிமிடத்தில் பொடியைச் சேர்த்து, பன்னிரண்டாம் நிமிடம் வரை குறிப்பதைத் தொடர்ந்தேன். வெண்பொடியை ஒரே மூச்சில் கொட்டினால் அது அடியில் படிந்து கட்டியாகிவிடும், நேரடி அளவீட்டில் பார்த்த அதே நீல ஓடு நீருக்கு அடியிலும் உருவாகிறது. கலக்கிக்கொண்டே இருக்கும் நீரில் தொடர்ச்சியாகவும் விரைவாகவும் தூவினால் சிக்கல் எழுவதில்லை. வெப்பமானி காட்டிய உச்சம் 35.2 டிகிரி, ஆனால் அந்த உச்சத்தை எட்டுவதற்குள்ளேயே கோப்பை கொஞ்சம் வெப்பத்தை வெளியே விட்டிருக்கும். உச்சத்திற்குப் பின் மெல்லச் சரியும் நேர்கோட்டைப் பொடி சேர்த்த நேரம் வரை பின்னோக்கி நீட்டினால் 35.4 டிகிரி கிடைக்கிறது. ஆக, இரண்டாம் தொகுதி வெண்பொடிக்கு வெப்பநிலை உயர்வு 7.6 டிகிரி. முதல் தொகுதிக்கு இதே முறையில் 7.5 டிகிரி வந்தது. படிகத்தைக் கரைத்தபோது வெப்பநிலை 27.8-இலிருந்து 26.5 டிகிரிக்கு இறங்கியது. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் 26.4, அதாவது 1.4 டிகிரி குறைவு.

கணக்கு இனி எளிது. இரண்டாம் தொகுதி வெண்பொடி வெளியிட்ட வெப்பம் 7.6 × 216 = 1642 ஜூல்; 0.025 மோலுக்கு இவ்வளவு என்றால் ஒரு மோலுக்கு 65.7 கிலோஜூல். வெப்பம் உமிழப்பட்டதால் நீரற்ற உப்பின் கரைசல் என்தால்பி −65.7 கிலோஜூல். படிகம் எடுத்துக்கொண்ட வெப்பம் 1.4 × 216 = 302 ஜூல்; ஒரு மோலுக்கு +12.1 கிலோஜூல். நீரேற்ற என்தால்பி, −65.7 என்பதிலிருந்து +12.1-ஐக் கழிக்க, −77.8 கிலோஜூல். குறிகளில் தடுமாறுபவர்கள் இதை இப்படி எண்ணிப் பார்க்கலாம்: வெண்பொடி 65.7 அளவுக்கு இறங்கிக் கரைசலை அடைகிறது, படிகமோ 12.1 ஏறித்தான் அதே கரைசலை அடைகிறது. எனவே படிகம் கரைசலுக்கும் கீழே இருக்கிறது. வெண்பொடியிலிருந்து படிகம் வரையிலான இறக்கம் இரண்டின் கூட்டுத்தொகை.

முன்பு குறிப்பிட்ட இரண்டு சிக்கல்களில் முதலாவது இங்கே எழுகிறது. 216 என்ற எண்ணில் நான் 50 கிராம் நீரின் நிறையை மட்டுமே சேர்த்தேன். கரைந்த உப்பையும் சேர்த்து 53.99 கிராம் கரைசலுக்கும் நீரின் தன்வெப்ப ஏற்புத்திறனாகிய 4.18-ஐயே பெருக்கியிருந்தால் வெப்ப ஏற்புத்திறன் 233 ஆகவும், விடை −83.8 ஆகவும் மாறியிருக்கும். இரண்டு வழக்கங்களும் நடைமுறையில் உள்ளன. இரண்டிற்கும் இடையே ஆறு கிலோஜூல் வேறுபாடு. எதை எடுப்பது என்பதை வழக்கத்திற்கு விடாமல் சோதனையால் தீர்மானிக்க விரும்பினேன். 100 கிராம் செம்புத் துண்டுகளை உலர்ந்த அகன்ற சோதனைக் குழாயில் இட்டு, குழாயைக் கொதிநீரில் வெகுநேரம் வைத்துச் சூடாக்கி, கோப்பையிலிருந்த 50 கிராம் நீரில் சரித்தேன். பிறகு அதே துண்டுகளைத் துடைத்து உலர்த்தி, அதே முறையில் சூடாக்கி, 53.99 கிராம் நீலக் கரைசலில் சரித்தேன். இரும்பையோ அலுமினியத்தையோ துத்தநாகம் கலந்த பித்தளையையோ இதற்குப் பயன்படுத்தலாகாது. அவை கரைசலிலிருந்து செம்பை வெளியேற்றும் வினையில் இறங்கித் தம் பங்குக்கு வெப்பத்தை விடும். செம்பு அவ்வாறு செய்வதில்லை. கரைசலின் வெப்ப ஏற்புத்திறன் உண்மையில் 233 ஆக இருந்தால், நீரில் கிடைத்த சுமார் 10.6 டிகிரி உயர்வு கரைசலில் 9.9 அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். இரண்டு உயர்வுகளும் 0.1 டிகிரிக்குள் ஒத்திருந்தன. எனவே இந்தச் செறிவில் உப்பு கரைசலின் நிறையைக் கூட்டுகிறதே தவிர அதன் வெப்ப ஏற்புத்திறனைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டுவதில்லை. 216 என்பதே பொருத்தமானது. செம்பின் தன்வெப்ப ஏற்புத்திறனோ குழாயின் சரியான வெப்பநிலையோ இந்த ஒப்பீட்டில் தேவைப்படுவதில்லை என்பது அதன் சிறப்பு. இறுதிக் கரைசல்கள் இரண்டும் ஒன்றே என்பதால், கரைசலை ஒருமுறை சோதித்ததே இரண்டு அளவீடுகளுக்கும் போதுமானதாக அமைந்தது.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. அட்டவணைகளில் கொடுக்கப்பட்டுள்ள உருவாதல் என்தால்பிகளை, அதாவது ஒரு மோல் சேர்மம் அதன் தனிமங்களிலிருந்து உருவாகும்போது நிகழும் என்தால்பி மாற்றங்களைக் கொண்டு நான் அளந்த கரைசல் என்தால்பிகளைச் சரிபார்க்க முயன்றால் எண்கள் ஒத்துவரவில்லை. நீரில் உள்ள காப்பர் அயனிக்கும் சல்பேட் அயனிக்கும் தரப்பட்டுள்ள மதிப்புகளிலிருந்து கணக்கிட்டால், நீரற்ற உப்பு கரைவதற்கு சுமார் −73 கிலோஜூலும் படிகம் கரைவதற்கு சுமார் +6 கிலோஜூலும் வருகின்றன. என் −65.7, +12.1 ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்றும் ஆறேழு கிலோஜூல் விலகி நிற்கின்றன. காரணம், அட்டவணை மதிப்புகள் முடிவிலி நீர்த்தலுக்கு உரியவை. அயனிகள் ஒன்றையொன்று உணராத அளவுக்கு விலகியிருக்கும் கரைசலைப் பற்றியவை. என் கோப்பையில் இருந்த கரைசலிலோ இரட்டை மின்சுமை கொண்ட காப்பர் அயனிகளும் சல்பேட் அயனிகளும் கணிசமான அளவில் இணை சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் இந்த விலகல் இரண்டு அளவீடுகளையும் ஒரே அளவில், ஒரே திசையில் பாதிக்கிறது. −73-இலிருந்து +6-ஐக் கழித்தாலும் −79; என் எண்களைக் கழித்தாலும் −78-ஐ ஒட்டியே வருகிறது. கரைசல் எதுவாக இருந்தாலும் இரண்டு பாதைகளுக்கும் பொதுவாக இருந்தால் போதும், கழித்தலில் அது மறைந்துவிடும். அமிலத்தை எந்த அளவு நீர்க்கச் செய்தாலும் ஹெஸ்ஸுக்கு மொத்தம் மாறாமல் வந்ததும் இதே காரணத்தால்தான் என்பதை இந்த எண்களைப் பார்த்த பிறகே முழுமையாக உணர்ந்தேன். இறுதிக் கரைசலின் நீரளவை 2.25 கிராம் வரை கணக்குப் பார்த்ததற்குப் பலன் இதுவே.

சரியான மதிப்பு எது என்பதைத் திண்மங்களின் உருவாதல் என்தால்பிகளிலிருந்து பெறலாம். ஐந்நீரேறிய உப்புக்கு −2279.65, நீரற்ற உப்புக்கு −771.36, நீருக்கு −285.83 கிலோஜூல் என்று எடுத்துக்கொண்டால், நீரேற்ற என்தால்பி −79.1 கிலோஜூல். என் விடை அதைவிட 1.3 கிலோஜூல் குறைவு. வெப்பமானியின் 0.1 டிகிரி ஐயம் ஒவ்வொரு கரைத்தலிலும் மோலுக்கு 0.86 கிலோஜூலாக மாறுகிறது. இரண்டையும் சேர்த்தால் சுமார் 1.2 கிலோஜூல். எனவே விலகல் கருவியின் எல்லையை ஒட்டியே நிற்கிறது. படிகத்தின் வெப்பநிலைக் குறைவு 1.4 டிகிரி மட்டுமே என்பதால் அந்த அளவீடுதான் நம்பத்தகாதது என்று பலர் கருதுவதுண்டு. விழுக்காட்டில் பார்த்தால் அதில் ஐயம் மிகுதிதான். ஆனால் இறுதி விடை ஒரு கழித்தல் என்பதால் அங்கே கணக்கில் வருவது விழுக்காடு அல்ல, கிலோஜூல். கிலோஜூலில் இரண்டு அளவீடுகளின் ஐயமும் சமம்.

எஞ்சிய ஈரத்தின் பங்கை முதல் தொகுதி தெளிவாகக் காட்டியது. 6.43 கிராமில் நின்ற அந்தப் பொடியில் 0.04 கிராம் நீர் மிச்சம். ஒவ்வொரு மோல் உப்புக்கும் சுமார் 0.05 மோல் நீர். கேட்பதற்கு அற்பமான அளவு. ஆனால் மிச்சமாக நிற்பது எளிதில் போகும் நீர் அல்ல, மிக இறுக்கமாகப் பிணைந்த கடைசி மூலக்கூறு. ஒரு நீர் ஏறிய உப்பின் உருவாதல் என்தால்பி −1085.8 கிலோஜூல் என்பதிலிருந்து கணக்கிட்டால், நீரேறும்போது முதலாவதாக ஏறும் இந்த மூலக்கூறினால் மட்டும் 28.6 கிலோஜூல் வெளியாகிறது, மொத்தம் 79.1-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எனவே அந்த 0.05 மோல் நீர் 1.5 கிலோஜூலை முன்கூட்டியே தின்றுவிட்டது. எடைபோட்ட பொடியில் ஒரு பகுதி நீராக இருந்ததால் இன்னும் 0.4 கிலோஜூல் குறைந்தது. 7.5 டிகிரி உயர்வு தந்த −64.8 என்ற மதிப்பில் இந்த 1.9-ஐச் சேர்த்தால் −66.7 ஆகிறது. இரண்டாம் தொகுதிக்கும் இதே திருத்தத்தைச் செய்தால், அங்கே மிச்ச நீர் மிகக் குறைவு என்பதால் 0.4 மட்டுமே கூடி −66.1 ஆகிறது. திருத்தியபின் இரண்டு தொகுதிகளும் கருவியின் ஐயத்திற்குள் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன. இரண்டின் சராசரியான −66.4-ஐ எடுத்துக்கொண்டால் நீரேற்ற என்தால்பி −78.5 கிலோஜூல். நீரற்ற உப்பைக் கடையில் வாங்கிய குப்பியிலிருந்து நேரடியாக எடுத்துப் பயன்படுத்துபவர்களுக்கு விடை எப்போதும் குறைவாகவே வருவதற்குக் கோப்பையின் வெப்பக் கசிவைவிட இந்தக் கடைசி மூலக்கூறு பெரிய காரணமாக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். திறந்த குப்பி எவ்வளவு ஈரத்தை ஏற்றிருக்கிறது என்பதை 250 டிகிரியில் ஒருமுறை சூடாக்கி எடைபோட்டாலே அறிந்துகொள்ளலாம்.

28.6 என்ற அந்த எண்ணை நான் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொண்டேன்; அதையும் இதே கோப்பையில் அளக்க இயலும். மணலை 120 டிகிரியை ஒட்டி வைத்து, 10.00 கிராம் படிகத்தை 7.11 கிராமில் எடை நிலைக்கும்வரை சூடாக்கினால் ஒரு நீர் ஏறிய உப்பு கிடைக்கும். அதில் 4.44 கிராமை 49.55 கிராம் நீரில் கரைத்தால் மீண்டும் அதே 53.99 கிராம் கரைசல். வெப்பநிலை உயர்வு 4.4 டிகிரியை ஒட்டி வர வேண்டும். அடுத்து அதைத்தான் செய்யவிருக்கிறேன். அதற்குத் தேவையான படிகத்தை இதுவரை சேர்ந்த நீலக் கரைசல்களிலிருந்தே பெற்றுக்கொள்ளலாம். காப்பர் உப்புகள் நீர்வாழ் உயிரினங்களுக்கு நஞ்சு என்பதால் அவற்றைச் சாக்கடையில் ஊற்றலாகாது. கரைசல்களை ஒன்றாக்கி, வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் மெல்ல வற்றவிட்டிருக்கிறேன்.